ரிலீவர் வராமல் எழுந்திருக்கக் கூடாது

எங்கள் ஊரில் இருந்த காலம் முழுக்க அவர் தினமும் தலையை இடித்துக்கொண்டார். கோலார் தங்கச் சுரங்கத்தை ஒட்டிய ஊரிகத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளின் வாசல் அவ்வளவு உயரமான ஆளை நினைத்துக் கட்டியதில்லை. சுரங்க வேலைக்கு வட ஆற்காட்டிலிருந்து வந்த எங்கள் முன்னோரை மனசுக்குள் அளந்துகொண்டு வெள்ளைக்காரன் கட்டிய வாசல் அது. அதே வாசலில் ஒரு வெள்ளைக்காரம்மா காலையில் வெளியே வரும்போது ஒரு இடி, சாயங்காலம் உள்ளே போகும்போது ஒரு இடி வாங்கியதைப் பார்த்து, ‘லேட்டா வந்தாலும் நியாயம் வந்துச்சு மாப்ள’ என்றார் என் மாமனார்.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ‘ஒசர மிஸ்’. நிஜப்பெயர் ஒன்று உண்டு. சரியாகச் சொல்ல எனக்கு நாக்கு வராது, தப்பாக எழுத மனசு வராது. ஒசர மிஸ்ஸாகவே இருக்கட்டும். ஐம்பதை நெருங்கும் வயது. சொந்த ஊர் அயர்லாந்தில். அங்கே ஒரு சின்னப் பள்ளியில் டீச்சர். ஒரு வருடம் லீவு போட்டுவிட்டு, எங்கள் பள்ளியில் சம்பளமில்லாமல் ஆங்கிலம் சொல்லித்தர வந்திருந்தார்.

இதை ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை. தொண்ணூறுகளின் கடைசி அது. சுரங்கத்தை இன்றைக்கு மூடுவான், நாளைக்கு மூடுவான் என்று எல்லோரும் வயிற்றில் நெருப்போடு திரிந்த காலம். உள்ளூர்க்காரனே பெங்களூருக்கு ரயில் ஏறிக்கொண்டிருக்கும்போது, கடல் தாண்டி ஒருத்தர் இங்கே வந்து சும்மா வேலை செய்வாரா?

அவருக்கு முன்னறையை வாடகைக்கு விட்டிருந்த கஸ்தூரி அக்காவுக்கே சந்தேகம் தீரவில்லை. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: “பூமிக்குள்ள தங்கம் இன்னும் கீதான்னு பாத்துகினு வரச்சொல்லி அனுப்பிகிறாங்க சார். இல்லாங்காட்டி இன்னாத்துக்கு இந்த ரூம்ல வந்து கெடக்குறாங்க?”

பென்ஷன் வாங்கும் பெரியவர்களுக்கு வேறு கணக்கு. பழைய காலத்துத் துரை எவனோ ஒருத்தனின் பேத்தி, தாத்தா வாழ்ந்த பங்களாவைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று முடிவுகட்டிவிட்டார்கள். “உங்க தாத்தா எந்த ஷாஃப்ட்ல இருந்தாரும்மா?” என்று பாதி வழியில் நிறுத்தி, சுரங்கக் குழியின் பெயர் கேட்பார்கள். “எங்கப்பா பஸ் டிரைவர். தாத்தா மாடு மேய்ச்சார்” என்று அவர் சொன்னால், ‘வெளியே சொல்ல மாட்டேங்குறாங்க பாரு’ என்று தலையாட்டிக்கொண்டு போவார்கள்.

என்னிடம் இருந்த விளக்கம் எளிமையானது. அவர் என் வேலையைப் பிடுங்க வந்திருக்கிறார்.

இது என் கற்பனை இல்லை. முதல் நாள் எங்கள் தாளாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மெலிந்த மனிதர், சிக்கனமானவர், சாக்பீஸைக்கூட உடைத்துத்தான் கொடுப்பார்.

“இனிமே இங்கிலீஷ அந்தம்மா பாத்துப்பாங்க. நீங்க லைப்ரரியப் பாத்துக்கோங்க.”

“நம்ம ஸ்கூல்ல லைப்ரரி இல்லியே சார்.”

“அதான் சொல்றேன், பாத்துக்கோங்க.”

எனக்கு அப்போது முப்பதுக்கு மேல் வயது. வீட்டில் மனைவி, கைக்குழந்தை, சுரங்கத்தில் ரிட்டயராகி என்னோடு தங்கிவிட்ட மாமனார். என் சம்பளம் சின்னதுதான். ஆனால் வீட்டுக்குள் வந்த சம்பளம் அது ஒன்றே.

அங்கேயே நின்றிருந்த ஒசர மிஸ், தாளாளர் தமிழில் சொன்னது புரியாமல், தான் தனியாக வகுப்பு எடுப்பதாக இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார், தாளாளர்தான் எனக்கு அதைத் தமிழாக்கினார். இந்த சாரின் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து கொஞ்ச நாள் பார்க்கிறேன் என்று அவர் சொன்னதும் எனக்கு வியர்த்தது. அயர்லாந்தில் அதற்கு என்ன அர்த்தமோ தெரியாது. எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். சுரங்கத்தில் ஒருவனை வீட்டுக்கு அனுப்புவதென்றால், அதற்கு முன் அவன் பக்கத்தில் புது ஆளை உட்காரவைத்து வேலையைப் பார்க்கச் சொல்வார்கள். புது ஆள் பார்த்து முடித்ததும் பழைய ஆளுக்கு மாலை போடுவார்கள்.

மாமனாரிடம் சொன்னேன். அவர் வைண்டிங் எஞ்சின் ஓட்டியவர். ஆட்களைப் பூமிக்குள் இறக்கி ஏற்றும் கூண்டை மேலிருந்து இயக்குகிற வேலை. கவலைப்படாதே என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“பக்கத்துல ஒக்காந்துட்டாங்களா?” என்றார்.

“நாளைக்கு ஒக்காருவாங்க.”

“எனக்கும் அப்டித்தான் ஒக்காந்தானுங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் வகுப்பு. என் ஆங்கிலப் பாடமுறையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு வரியை ஆங்கிலத்தில் வாசிப்பேன், உடனே தமிழில் சொல்லிவிடுவேன், பிள்ளைகள் தமிழை ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். யாருக்கும் கஷ்டமில்லாத முறை. பின் பெஞ்சில் முழங்கால் இரண்டும் மோவாயைத் தொட ஒரு அயர்லாந்துக்காரர் உட்கார்ந்திருந்தபோது அந்த முறை எப்படி நடக்கும்? முழுக்க ஆங்கிலத்தில் பேசிவிடுவதென்று போனேன். பலகை முன்னால் நின்றதும் கைவசம் இருந்த ஆங்கிலம் எல்லாம் ஓடிவிட்டது. மிஞ்சியது இரண்டு வாக்கியம். “ஸ்டாண்ட் அப்” என்றேன். எழுந்தார்கள். அடுத்து ஒன்றும் வராததால் “சிட் டவுன்” என்றேன். உட்கார்ந்தார்கள். இடையில் ஒரு யோசனையும் வராததால் மறுபடியும் “ஸ்டாண்ட் அப்.” மணி அடிக்கும்வரை அப்படியே போயிற்று. கடைசியில் சில பிள்ளைகள் நான் சொல்வதற்கு முன்பே எழ ஆரம்பித்திருந்தார்கள்.

வெளியே வந்ததும் ஒசர மிஸ் நிதானமாக, “உங்கள் பிள்ளைகளுக்கு நல்ல முழங்கால்கள்” என்றார். அதுகூட எனக்கு அப்போது புரியவில்லை. அவர் பேசிய ஆங்கிலம் சினிமா வெள்ளைக்காரன் பேசுகிற மாதிரி இருக்காது, உருண்டு உருண்டு ஓடும். மூன்றாம் நாள்தான் புரிந்து, தனியாக வெட்கப்பட்டேன்.

இந்த நிலையில்தான் வெளிநாட்டவர் பதிவுக்காக அவரைக் கோலாருக்கு பஸ்ஸில் கூட்டிப்போகும் வேலை எனக்கு வந்தது. மொழிபெயர்ப்பாளன் நான். அவர் சொல்வது எனக்குப் புரியாது, நான் சொல்வது அவருக்குப் புரியாது, நடுவில் கன்னடம் பேசும் ஒரு அதிகாரி. முதல் கேள்வியே சம்பளம் எவ்வளவு என்பது.

“சம்பள எஷ்டு?”

“சம்பள இல்லா சார்.”

“மத்தே யாக்கே பந்தித்தாரே?”

ஏன் வந்தார் என்று நான் அவரைப் பார்த்தேன். பதிலைத் தெரிந்துகொள்ள அந்த அதிகாரியைவிட எனக்குத்தான் ஆசை அதிகம். ஒசர மிஸ் ஏதோ நீளமாகச் சொன்னார். நான் அதைக் கன்னடத்தில் “மக்களிகே பாட மாடோக்கே” என்று சுருக்கினேன். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர. அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்து, ஸ்கூலில் வாத்தியாரே இல்லையா என்று கேட்டார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

ஒசர மிஸ்ஸின் விசித்திரம் என்னவென்று பிடிபட எனக்குச் சில வாரங்கள் ஆயிற்று. எதையும் அவர் உடனே ஆரம்பிக்க மாட்டார். தான் போனபிறகு இதை யார் செய்வார்கள் என்று முதலில் கேட்பார். அந்தக் கேள்வி அவரோடு அயர்லாந்திலிருந்தே வந்தது. அதற்கான சொல்லை மட்டும் எங்கள் வீட்டில் எடுத்துக்கொண்டார்.

ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்திருந்தார். மாமனார் தன் எஞ்சின் பெருமையை எடுத்துவிட்டார். ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதினாலும் வைண்டர் டிரைவர் எழுந்திருக்கக் கூடாது. அடுத்த ஷிஃப்ட் ஆள், அதாவது ரிலீவர், வந்து பக்கத்தில் நின்று, கைப்பிடியைப் பிடித்த பிறகுதான் இவர் கையை எடுக்கலாம். ரிலீவர் வரவில்லையென்றால் அடுத்த ஷிஃப்டும் இவர்தான்.

“ஏன்?” என்று கேட்டார் ஒசர மிஸ். அதற்குள் கஸ்தூரி அக்காவிடம் கொஞ்சம் தமிழ் கற்றிருந்தார்.

“ஏன்னா? கூண்டுல ஆளுங்க தொங்கினு இருக்காங்க இல்ல. நான் எனக்கு டைம் ஆச்சுன்னு எழுந்து பூட்டா அவங்க கதி?”

ஒசர மிஸ் “ரிலீவர்” என்று ஒரு தரம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அதற்கப்புறம் ஊரே அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுக் களைத்தது. தாளாளர், வெளி ஆட்களுக்குச் சாயங்கால ஆங்கில வகுப்பு ஆரம்பிக்கலாம், நல்ல கூட்டம் வரும் என்றார். “ரிலீவர் யாரு?” “நீங்க போனப்பறம் பாத்துக்கலாம்மா.” “அப்போ வேணாம்.” கஸ்தூரி அக்கா தன் மகளுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் டியூஷன் எடுக்கச் சொன்னாள். “ரிலீவர் யாரு?” கடைசியில் காலேஜ் முடித்துவிட்டுச் சும்மா இருந்த அக்காவின் தங்கச்சியைத்தான் டியூஷன் எடுக்க உட்காரவைத்தார். இவர் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

இது எல்லோருக்கும் பிடித்ததென்று சொல்ல மாட்டேன். அவருடைய ஊர்ப் பள்ளிக்கூடம் பழைய கம்ப்யூட்டர்கள் சிலவற்றை எங்களுக்கு அனுப்ப முன்வந்தது. இவர் ஸ்டாஃப் ரூமில் வந்து, கெட்டுப்போனால் இங்கே யார் பழுது பார்ப்பார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். தெரிந்த ஆள் ஒருத்தரும் இல்லை. வேண்டாமென்று எழுதிப் போட்டுவிட்டார். எங்கள் பிள்ளைகள் கம்ப்யூட்டரைத் தொட்டாவது பார்த்திருப்பார்களே என்று கணக்கு டீச்சர் அவரோடு பல நாள் பேசவில்லை. யார் பக்கம் நியாயம் என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. கெட்டுப்போகிற பொருளாக இருந்தாலும், கெட்டுப்போகும்வரை இருந்திருக்கும் அல்லவா?

பிள்ளைகளிடமும் ஒரு அளவு வைத்திருந்தார். சிரிப்பார், விளையாடுவார். யாராவது ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டால் மெல்லக் கையை விடுவித்து, அந்தப் பிள்ளையின் வகுப்பு டீச்சர் பக்கம் திருப்பிவிடுவார். பார்க்க எனக்குக் கொஞ்சம் கல் நெஞ்சாகத்தான் தெரிந்தது.

இதற்குள் கோடை விடுமுறைக்கு முந்தைய பெற்றோர் கூட்டம் நெருங்கியது. புதுச் சேர்க்கைக்கு ஆள் பிடிக்கிற நாள் அது. தாளாளர் வாசலில் பெரிய துணி கட்டினார். ‘வெளிநாட்டு ஆசிரியையின் மாதிரி வகுப்பு’ என்று சிவப்பில் எழுதியிருந்தது. என்னைக் கூப்பிட்டு, கூட்டம் முடியட்டும், அடுத்த வருஷத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம் என்றார். அவர் குரலில் இருந்த கனிவுதான் என்னைக் கொன்றது.

அன்று மத்தியானம், காலி வகுப்பறையில், என் பயம் என் அனுமதி இல்லாமலே பேசிவிட்டது. “மிஸ், என் வேலைய எடுத்துக்கத்தான் வந்தீங்களா?” ஆங்கிலத்தில் கேட்டேனா தமிழில் கேட்டேனா என்று நினைவில்லை. அவருக்குப் புரிந்தது.

அவர் முகம் வெளுத்ததை விவரிப்பது கஷ்டம், ஏற்கனவே வெளுத்த முகம். வருவதற்கு முன்பே தாளாளரிடம் அவர் கேட்ட ஒரே விஷயம் இதுதானாம். என்னால் யார் வேலையாவது போகுமா? இங்கிலீஷுக்கு ஆளே இல்லை, இடம் காலி என்று பதில் வந்ததாம். காலியான அந்த இடம் அவர் எதிரில் வியர்த்துக்கொண்டு நின்றது.

அப்போதுதான், அதற்குள் எனக்குப் பழகிவிட்ட அவர் ஆங்கிலத்தில், ஒரு கதையைச் சொன்னார். சில வருடங்களுக்கு முன் ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்குப் போயிருக்கிறார். பெயர் சொன்னார், நான் மறந்துவிட்டேன். ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர ஆட்களைக் கூட்டிப்போகும் ஒரு கம்பெனிக்கு, ஊரில் பெரிய தொகை கட்டிவிட்டுத்தான் போக முடிந்ததாம். பள்ளிச் சுவருக்கு நீல வண்ணம் அடிக்கச் சொன்னார்கள். நகத்தால் சுரண்டினால் கீழே மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. முன்னால் வந்தவர்கள் அடித்தது. விடைபெறும் நாளில் பிள்ளைகள் பாட்டுப்பாடி அழுதார்கள், இவரும் அழுதார். வாசலில் அடுத்த கூட்டத்தை ஏற்றிய வேன் வந்து நின்றதும், அதே பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வரவேற்புப் பாட்டுப் பாட ஓடினார்கள்.

“அங்கே ஒரு டீச்சர் இருந்தாங்க. அந்த ஊர்ப் பொண்ணு. நாங்க கிளாஸ் எடுக்கறப்போ எல்லாம் மரத்தடியில ஒக்காந்து இருந்தாங்க. நான் அவங்க பேரு கேக்கல சார்.” இதை மட்டும் தமிழில் சொன்னார்.

அதனால்தான் இந்த முறை கம்பெனி எதுவும் இல்லாமல், அவர் ஊரில் வேலை பார்த்த எங்கள் ஊர் டாக்டர் ஒருவர் மூலம் பள்ளியை நேராகக் கேட்டு, கஸ்தூரி அக்கா வீட்டு முன்னறையில் தன் சொந்தக் காசில், எங்களில் ஒருத்தருக்கு ஆகும் செலவிலேயே வாழ்ந்துகொண்டிருந்தார். இவ்வளவு பார்த்துப் பார்த்து வந்தும் மறுபடி ஒருத்தரை மரத்தடிக்கு அனுப்பிவிட்டேனே என்று எழுந்தார். நாளைக் காலை ரயிலுக்கே போய்விடுவதாகச் சொன்னார்.

அவர் போய்விட வேண்டுமென்று மாதக்கணக்கில் வேண்டிக்கொண்டவன் நான். போகிறேன் என்று அவர் சொன்ன மறுகணம் எனக்கு இன்னொரு பயம் பிடித்தது. மாதிரி வகுப்புத் துணி வாசலில் தொங்குகிறது. அவரைக் கிளப்பிவிட்டவன் நான் என்று தாளாளருக்குத் தெரிந்தால் அடுத்த வருடம்வரைகூடத் தாங்காது. காலில் விழாத குறையாக, “இருங்க மிஸ், தயவுசெஞ்சு இருங்க” என்றேன். ஒரே விஷயத்துக்கு இரண்டு திசையிலும் பயப்படுகிற திறமை எனக்குப் பிறவியிலேயே உண்டு.

அவர் மறுபடி உட்கார்ந்து, “கூட்டத்துல கிளாஸ் நீங்க எடுக்கணும். நான் பின்னாடி ஒக்காருவேன்” என்றார்.

“எனக்கு இங்கிலீஷ் வராது மிஸ்.”

“ஸ்டாஃப் ரூம்ல நீங்க பேசினா எல்லாரும் சிரிக்கறாங்க. கிளாஸுக்கு வர்றது வேற ஆளு. அந்த ஸ்டாஃப் ரூம் சாரக் கூட்டிகினு வாங்க.”

மிச்சமிருந்த நாட்களில் அதைத்தான் செய்தோம். பாடப் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்ததை, தெரிந்த சின்னச் சின்ன ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்தது மாமனாரின் குறட்டை. ரிட்டயரான பிறகும் அவர் ஷிஃப்ட் மாறாமல் குறட்டை விடுவார், முதல் ஷிஃப்டுக்கு ஒரு ராகம், இரண்டாம் ஷிஃப்டுக்கு ஒரு ராகம், நடுவில் ரிலீவர் வருகிற மாதிரி ஒரு நிறுத்தம். இதை வகுப்பில் ஆங்கிலத்தில் சொன்னபோது பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். நான் இன்னும் தமிழில் சொல்லவேயில்லை. அத்தனை வருட மொழிபெயர்ப்பும் வீண்தானா என்று கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

கூட்ட நாள். இரும்பு நாற்காலிகளில் பெற்றோர். ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தவர்கள் சிலர் ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்தார்கள். என் மாமனார் முன்வரிசையில். தாளாளர் ஒசர மிஸ்ஸைக் கைநீட்டி அழைத்தார். அவர் எழுந்தார், எல்லோருக்கும் கும்பிடு போட்டார், நடந்துபோய்ப் பின் பெஞ்சில் பிள்ளைகளோடு முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார். கூட்டம் திரும்பி என்னைப் பார்த்தது. தாளாளரும் பார்த்தார்.

எல்லாம் மறந்துவிட்டது. குறட்டை, ஷிஃப்ட், ராகம், ஒன்றும் இல்லை. வாய் தானாகத் திறந்து, “ஸ்டாண்ட் அப்” என்றது.

பிள்ளைகள் எழுந்தார்கள். பின்னாலேயே பெற்றோரும் எழுந்தார்கள். பூமிக்கடியில் வேலை பார்க்கிறவர்களுக்கு உத்தரவு முதலில் காலுக்குத்தான் கேட்கும். ஹெல்மெட்டுகள் உருண்டன. தாளாளர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் அப்படியே நின்றார். எனக்கு அவர் நிலையைப் பார்த்ததும் என்னவோ அவிழ்ந்தது. “நாட் யூ, சார்” என்றேன். பிள்ளைகள்தான் முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஹெல்மெட்டுக்காரர்கள். அப்புறம் நான் மாமனாரைக் காட்டி, திஸ் மேன் ஸ்நோர்ஸ் இன் ஷிஃப்ட்ஸ் என்று ஆரம்பித்தேன். முடிக்கிறவரை தமிழ் தேவைப்படவில்லை. மாமனார் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நல்ல ஆங்கிலம் என்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் சான்றிதழ் அது.

கூட்டம் கலையும்போது தாளாளர், மாதிரி வகுப்பில் சின்ன மாற்றம், அடுத்த வருடம் வெளிநாட்டு ஆசிரியையே முழுக்க எடுப்பார் என்று பெற்றோரைச் சமாதானப்படுத்தப் போனார். கஸ்தூரி அக்கா மறித்தாள்.

“ஒசர மிஸ் ஊருக்குப் பூடுவாங்க இல்ல சார்?”

“போனா வேற யாராச்சும்...”

“ரிலீவர் யாருன்னு கேக்கறேன். இந்த சார் இருப்பாரா, மாட்டாரா? அதச் சொல்லுங்க, பொண்ண இங்கியே விடறேன்.”

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சுரங்கத்துக்காரர்கள். அந்தக் கேள்வியை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பதில் வரும்வரை ஒருத்தரும் நகரவில்லை. தாளாளர் வாசலில் தொங்கிய துணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இருப்பாரு, இருப்பாரு” என்றார்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது ஒசர மிஸ்ஸுக்குப் போகும் நாள் வந்துவிட்டது. வழியனுப்பு விழா, பாட்டு, மாலை எதுவும் கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எந்த நாள் என்று சொல்லவில்லை.

நான் வகுப்பில் இருந்தேன். கதையின் நடுவில் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே தோளில் ஒரு பையோடு அவர் போவது தெரிந்தது. பள்ளியின் வெளிவாசல் நல்ல உயரம், லாரியே போகும். அதன் கீழேயும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். லைன் வீட்டுப் பழக்கம்.

ஸ்டேஷன் பக்கத்தில்தான். ஓடினால் பிடித்துவிடலாம். சாக்பீஸைக் கீழே வைத்தேன். வகுப்பு முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது, கதை பாதியில் தொங்கியது. சுற்றிப் பார்த்தேன். பின் பெஞ்ச் காலி. எனக்கு ரிலீவர் இல்லை.

“ஸ்டாண்ட் அப்” என்றேன்.

பிள்ளைகள் எழுந்தார்கள். பெஞ்சுகள் நகர்ந்த சத்தம் வெளியே கேட்டிருக்க வேண்டும். அவர் நின்றார். திரும்பி, ஜன்னல் கம்பிகளுக்குள்ளே நின்றுகொண்டிருந்த எங்கள் எல்லோரையும் பார்த்தார். சிரித்தாரா என்று அந்தத் தூரத்தில் தெரியவில்லை. கையை உயர்த்தினார், டாட்டா காட்டப்போகிறார் என்று நினைத்தேன். உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பி, இரண்டு தரம் மெல்லத் தாழ்த்தினார்.

பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். நான் சாக்பீஸை எடுத்துக்கொண்டேன்.